க்ளோதா, ஆபிரகாமா? ஒரு பெயருக்காக நடந்த கலவரம்

குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் சண்டை வருவது புதிதில்லை. தாத்தா பெயரா, குலசாமி பெயரா, நட்சத்திரத்துக்கு வந்த எழுத்தா என்று ஆளுக்கு ஒரு பக்கம் இழுப்பார்கள். கடைசியில் சாமி பெயர் ஒன்றை வைத்துவிட்டால் எல்லோரும் சமாதானம் ஆகிவிடுவார்கள். சாமி பெயரை வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்?

சொன்னார்கள். அதுவும் சாமியே இல்லை என்று சொன்ன நாத்திகர்கள் இல்லை, கோயிலுக்குள் நின்ற போதகரே சொன்னார். அதனால் தேவாலயத்தில் கலவரம் வந்தது, குழந்தையின் அப்பா ஜெயிலுக்குப் போனார், நகரசபை எந்தெந்தப் பெயர்களை வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியலே போட்டது. இதெல்லாம் நடந்தது 1546-இல், ஜெனீவா நகரத்தில்.

இன்றைக்கு ஜெனீவா என்றால் ஐ.நா. அலுவலகமும், கைக்கடிகாரமும், வங்கியும்தான் ஞாபகம் வரும். அன்றைக்கு அது சுமார் 10,000 பேர் வாழ்ந்த ஒரு சின்ன ஊர். ஆனால் ஐரோப்பா முழுக்க அந்த ஊரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. காரணம், ஜான் கால்வின்.

ஊர் மாறிய கதை

1536 மே மாதம் ஜெனீவா மக்கள் ஒன்றுகூடி, இனிமேல் எங்கள் ஊர் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தைப் பின்பற்றும் என்று முடிவெடுத்தார்கள். போப்பாண்டவரின் அதிகாரம் வேண்டாம், பூசைப்பலி வேண்டாம், புனிதர்களின் சிலைகள் வேண்டாம். அதே வருடம்தான் பிரெஞ்சுக்காரரான கால்வின் அந்த ஊருக்கு வந்தார். 1538-இல் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார். 1541-இல் திரும்பவும் அழைக்கப்பட்டார். அதன் பிறகு 1564-இல் சாகும்வரை ஜெனீவாதான் அவர் ஊர்.

சிலைகளை எடுப்பது சுலபம். நாலு ஆள் சேர்ந்தால் ஒரே நாளில் எடுத்துவிடலாம். ஆனால் புனிதர்கள் சிலைகளில் மட்டுமா இருந்தார்கள்? ஊர்க்காரர்களின் பெயர்களிலும் அல்லவா இருந்தார்கள்! தெருவில் ஒருவர் இன்னொருவரைக் கூப்பிடும்போதெல்லாம் ஒரு புனிதரின் பெயர் வாயில் வந்துகொண்டிருந்தது. அதில் போதகர்களை அதிகம் உறுத்திய பெயர் ஒன்று உண்டு. அதுதான் க்ளோத்.

யார் இந்த க்ளோத்?

ஜெனீவாவிலிருந்து ஜூரா மலையைத் தாண்டிப் போனால் செயின்ட் க்ளோத் என்ற ஊர் வரும். 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பிஷப் ஒருவரின் பெயர் அது. அவருடைய உடல் அழியாமல் இருக்கிறது என்று நம்பி, அதைத் தரிசிக்க எங்கிருந்தெல்லாமோ மக்கள் வந்தார்கள். நோய் தீர வேண்டும், பிள்ளை பிறக்க வேண்டும், பிறந்த பிள்ளை பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டார்கள். நேர்ந்துகொண்டு பிள்ளை பிறந்தால் அந்தச் சாமி பெயரையே வைப்பது இங்கே நமக்குத் தெரிந்த வழக்கம்தானே. அங்கேயும் அப்படித்தான்.

சாதாரண ஜனங்கள் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். பிரான்ஸ் ராணியாக இருந்த ஆன் இந்தப் புனிதரை வேண்டிக்கொண்டு, 1499-இல் பிறந்த தன் மகளுக்கு க்ளோத் என்றே பெயர் வைத்தார். பிரெஞ்சில் இந்தப் பெயரை ஆணுக்கும் வைக்கலாம், பெண்ணுக்கும் வைக்கலாம். அந்த க்ளோத் பின்னாளில் மன்னர் முதலாம் பிரான்சிஸின் மனைவியாகி, பிரான்சுக்கே ராணியானார். பிரான்சில் 'க்ளோத் ராணி' என்ற பெயரில் ஒரு பச்சை நிறப் பிளம் பழம் இன்றும் விற்கிறது. ஒரு பிஷப்பின் பெயர் ராணிக்குப் போய், ராணியிடமிருந்து பழத்துக்குப் போய்விட்டது :-)

கோயில் இவ்வளவு பக்கத்தில் இருந்ததால் ஜெனீவாவில் தெருவுக்குத் தெரு க்ளோத்கள் இருந்தார்கள். எத்தனையோ குடும்பங்களில் தாத்தா க்ளோத், மாமா க்ளோத், பேரனும் க்ளோத்.

1546 ஆகஸ்ட்

அமி ஷப்புயி என்று ஒரு நாவிதர். அவருடைய ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம். குடும்பம் தேர்ந்தெடுத்திருந்த பெயர் க்ளோத். தேவாலயத்தில் எல்லோரும் கூடியிருக்கிறார்கள். பெயர் சொல்லப்படுகிறது. போதகர் தண்ணீரைத் தெளித்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், குழந்தைக்கு ஆபிரகாம் என்று பெயரிட்டுவிட்டார்!

கூட்டத்தில் கூச்சல் எழுந்தது. ஷப்புயி குழந்தையைப் பிடுங்கிக்கொண்டார். இது பரிசுத்தமான ஞானஸ்நானமே இல்லை, பையனுக்கு 15 வயது ஆகும்வரை ஞானஸ்நானம் இல்லாமலே வைத்திருப்பேன், அப்புறம் அவனே தன் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் கத்தினார்.

கோபத்தில் சொன்ன வார்த்தைதான். ஆனால் கொஞ்சம் யோசித்தால் அதில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருப்பது தெரியும். அதற்குப் பிறகு வருவோம். அந்தப் பேச்சுக்காக ஷப்புயிக்கு 4 நாள் சிறை கிடைத்தது.

போதகர் பக்கம் நியாயம் இல்லையா?

இதைப் படித்தவுடன் போதகர் மேல் கோபம் வருவது இயற்கை. ஆனால் அவர் தரப்பையும் கேட்க வேண்டும் அல்லவா?

புனிதரின் பெயரை வைப்பது என்பது அன்றைக்கு வெறும் அழகுக்காக இல்லை. அந்தப் புனிதர் இந்தக் குழந்தையைக் காப்பாற்றுவார், இதற்காகக் கடவுளிடம் பரிந்து பேசுவார் என்ற நம்பிக்கை அதற்குள் இருந்தது. கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் கிறிஸ்துவைத் தவிர வேறு யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை என்பது சீர்திருத்தவாதிகளின் அடிப்படைக் கொள்கை. சிலையை உடைத்துவிட்டு, அந்தச் சிலைக்கு உரியவரின் பெயரை ஞானஸ்நானத் தண்ணீரோடு சேர்த்து ஒரு குழந்தையின் தலையில் ஊற்றினால் என்ன அர்த்தம்? கும்பிடாதே என்று மேடையில் சொல்லிவிட்டு, கீழே இறங்கி அதே பெயரைத் தானே உச்சரிக்க வேண்டுமா? போதகரின் மனச்சாட்சிக்கு அது ஒரு பெரிய தடங்கல்.

ஆபிரகாம் என்பது வேதாகமத்தில் உள்ள பெயர். கடவுள் சொன்னார் என்பதற்காகச் சொந்த ஊரை விட்டுக் கிளம்பியவர். விசுவாசத்துக்கு அவரைத்தான் உதாரணம் காட்டுவார்கள். ஆக, போதகர் ஒரு மதப் பெயரை எடுத்துவிட்டு மதமே இல்லாத பெயரை வைக்கவில்லை. ஒரு மதப் பெயருக்குப் பதில் இன்னொரு மதப் பெயரை வைத்தார். சண்டை இரண்டு பக்திகளுக்கு நடுவில்தான்.

தடை செய்யப்பட்ட பெயர்கள்

கலவரத்துக்குப் பிறகு, அதே வருடம் நவம்பர் மாதம், ஜெனீவாவில் ஒரு சட்டம் வந்தது. ஞானஸ்நானத்தில் வைக்கக்கூடாத பெயர்களின் பட்டியல் அது. பட்டியலைப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும்.

முதலாவது, அந்த வட்டாரத்தில் வணங்கப்பட்டுவந்த புனிதர்களும் புனிதப் பொருள்களும். க்ளோத் இதில் வருகிறது. 'சுவேர்' என்ற பெயரும் வருகிறது. அப்படியென்றால் இயேசுவின் உடலைச் சுற்றியதாகச் சொல்லப்படும் சவத்துணி! இன்று டூரின் நகரத்தில் இருக்கும் புகழ்பெற்ற அந்தத் துணி, 1578-க்கு முன்னால் பல வருடங்கள் ஜெனீவாவுக்குத் தெற்கே உள்ள ஷாம்பேரியில், சவாய் பிரபுக்களிடம்தான் இருந்தது. சவாய் பிரபுவோ ஜெனீவாவின் பரம எதிரி.

இரண்டாவது, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் பெயர்கள். கஸ்பார், மெல்கியோர், பல்தசார். மத்தேயு சுவிசேஷத்தில் கிழக்கிலிருந்து வந்தவர்களைப் பற்றி இருக்கிறதே தவிர, அவர்கள் 3 பேர் என்றும் இல்லை, அவர்கள் பெயரும் இல்லை. எல்லாம் பின்னால் வந்த மரபு.

மூன்றாவது, ஒரு பணியைக் குறிக்கும் பெயர்கள். பாப்டிஸ்ட் (ஞானஸ்நானம் கொடுப்பவர்), எவாஞ்சலிஸ்ட் (சுவிசேஷகர்) போன்றவை. யோவான் என்று வைத்துக்கொள்ளலாம், ஸ்நானகன் என்று வைக்கக்கூடாது!

நான்காவது, கடவுளுக்கு மட்டுமே உரிய பெயர்கள். இயேசு, இம்மானுவேல், இரட்சகர்.

ஐந்தாவது, பண்டிகைகளும் பொருந்தாத மற்ற பெயர்களும். கிறிஸ்துமஸைக் குறிக்கும் நொயேல், ஈஸ்டரைக் குறிக்கும் பாஸ்க், ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கும் திமான்ஷ், சிலுவை, கல்லறை. 'கிறிஸ்தவன்' என்ற பெயர்கூடத் தடைப் பட்டியலில் இருந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். க்ளோத் தடை செய்யப்பட்டதற்கும் இயேசு தடை செய்யப்பட்டதற்கும் காரணம் ஒன்றில்லை. க்ளோத் என்ற பெயர் வேண்டாம், ஏனென்றால் அவரைக் கும்பிடக்கூடாது. இயேசு என்ற பெயர் வேண்டாம், ஏனென்றால் அவரை மட்டும்தான் கும்பிட வேண்டும். ஒன்றில் மரியாதை இல்லாததால் தடை. இன்னொன்றில் மரியாதை மிகுந்ததால் தடை.

புனிதமான பெயரை எப்படி மதிப்பது என்பதில் மனிதர்களிடம் எப்போதும் இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன. அதைப் பிள்ளைக்கு வைத்து, தினமும் கூப்பிட்டு மகிழ்வது ஒரு வழி. அழுக்குப் படாமல் எட்டி வைத்திருப்பது இன்னொரு வழி. ஸ்பெயினிலும் லத்தீன் அமெரிக்காவிலும் இயேசு என்பது சர்வசாதாரணமான ஆண் பெயர். இங்கிலாந்தில் அதை யாரும் அவ்வளவு சுலபமாக வைப்பதில்லை. இரண்டு பக்கமும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான்.

பெயருக்குப் பின்னால் ஒரு மாமா

சரி, கொள்கை அளவில் இதெல்லாம் புரிகிறது. ஜெனீவா மக்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்? அவர்கள் எல்லோரும் ரகசியமாகப் பழைய மதத்தைப் பின்பற்றினார்களா? அப்படிச் சொல்ல முடியாது.

அந்த ஊரில் ஞானத்தகப்பன் அல்லது ஞானத்தாய் தன் பெயரையே குழந்தைக்கு வைப்பது வழக்கம். ஞானத்தகப்பனாக யாரை அழைப்பார்கள்? சொந்தக்காரரை, தொழிலில் கைகொடுப்பவரை, ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெரிய மனிதரை. பெயர் வைப்பது இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் போடப்படும் முடிச்சு. 'என் பெயர் உன் பிள்ளைக்கு, இனி அவனுக்கு நான் இருக்கிறேன்' என்ற வாக்கு அதில் இருந்தது. இப்போது போதகர் சபை நடுவில் அந்தப் பெயரை மறுத்தால், அவர் மறுப்பது 900 வருடங்களுக்கு முன்னால் செத்துப்போன பிஷப்பை இல்லை. அங்கே நின்றுகொண்டிருக்கிற மாமாவை! உன் பெயர் விக்கிரகத்தின் பெயர், அது இந்தக் குழந்தைக்கு ஆகாது என்று ஊரார் முன்னால் சொன்ன மாதிரி.

இன்னொன்றும் உண்டு. ஜெனீவாவின் போதகர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள் கிடையாது. கால்வினைப் போலவே பிரான்சிலிருந்து வந்தவர்கள். எங்கிருந்தோ வந்தவர் நம் பிள்ளைக்கு நாம் என்ன பெயர் வைப்பது என்று சொல்வதா என்ற எரிச்சல் ஊரில் இருந்தது. அதனால்தான் சட்டம் வந்த பிறகும் பெயர்த் தகராறுகள் ஓயவில்லை. 1555-இல் கால்வினின் எதிர்க்கோஷ்டி தோற்று, அதன் தலைவர் அமி பெரான் ஊரைவிட்டு ஓடிய பிறகுதான் எதிர்ப்பு அடங்கியது.

இதில் வேடிக்கை என்னவென்றால், கால்வினின் சொந்தத் தம்பி பெயர் ஆந்த்வான். அதாவது அந்தோணி. அது வேதாகமப் பெயர் இல்லை, பாலைவனத் துறவியான புனித அந்தோணியாரின் பெயர். அவரும் ஜெனீவாவில்தான் வாழ்ந்தார். கால்வினை ஜெனீவாவிலேயே தங்கும்படி வற்புறுத்திய பாரெலின் முதல் பெயர் கியோம், ஆங்கிலத்தில் வில்லியம். அதுவும் வேதாகமத்தில் கிடையாது. இந்தப் பெயர்கள் யாரையும் உறுத்தவில்லை. ஏன் என்றால் ஜெனீவாவிலிருந்து நடந்து போகிற தூரத்தில் கோயில் வைத்திருந்தவர் க்ளோத்தான். ஒரு பெயரில் எவ்வளவு மதம் இருக்கிறது என்பது அகராதியைப் பார்த்துத் தெரிவதில்லை. எந்த ஊரில், எந்தக் காலத்தில், யார் காதில் விழுகிறது என்பதைப் பொறுத்தது.

பேரப்பிள்ளைகள் காலத்தில்

போதகர்கள் ஜெயித்தார்கள். ஆபிரகாம், ஈசாக்கு, தாவீது, தானியேல், சாமுவேல், சாராள், சூசன்னா என்று வேதாகமப் பெயர்கள் ஜெனீவாவில் பெருகின.

1712-இல் ஜெனீவாவில் பிறந்த தத்துவ மேதை ரூசோவின் குடும்பத்தைப் பார்த்தாலே போதும். தாத்தா பெயர் தாவீது, அப்பா பெயர் ஈசாக்கு, அம்மா பெயர் சூசன்னா. ஊருக்கே ஒரு காலத்தில் அதிர்ச்சியாக இருந்த பெயர்கள், 150 வருடத்துக்குள் 'எங்க தாத்தா பேரு' ஆகிவிட்டன. அவற்றை வைத்தவர்கள் ஒவ்வொருவரும் ஆபிரகாமின் விசுவாசத்தை நினைத்தா வைத்திருப்பார்கள்? குடும்பத்தில் இருக்கிறது, வைத்தார்கள். க்ளோத் இருந்த இடத்தில் இப்போது ஈசாக்கு உட்கார்ந்துகொண்டார், அவ்வளவுதான்.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி அமைதியாக முடியவில்லை. பக்கத்திலிருந்த பிரான்சில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. அங்கே சீர்திருத்தக் கிறிஸ்தவர்கள் சிறுபான்மை. பழைய ஏற்பாட்டுப் பெயர் வைத்திருந்தால் அவர் எந்தப் பக்கம் என்று ஊகித்துவிடலாம். ஆபிரகாம் துக்கேன் என்று ஒரு பெரிய கடற்படைத் தளபதி இருந்தார். பதினான்காம் லூயி மன்னருக்காகப் பல கடற்போர்களில் வெற்றி தேடித் தந்தவர். சீர்திருத்த மதத்தை விட மறுத்ததால் அட்மிரல் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1685-இல் அதே மன்னர் சீர்திருத்த மதத்தையே நாட்டில் தடை செய்தார். அதன் பிறகு அந்தக் குடும்பங்களில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கத்தோலிக்கப் பாதிரியார்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று ஆணை. 1546-இல் ஜெனீவாவில் ஷப்புயிக்கு நடந்ததன் மறுபக்கம் இது. அங்கே புனிதர் பெயர் கேட்ட அப்பாவைப் போதகர் தடுத்தார். இங்கே வேதாகமப் பெயரை விரும்பிய அப்பாக்கள் பாதிரியார் முன்னால் நிற்க வேண்டியிருந்தது.

பெயர்ப் பட்டியல் கடல் கடந்தது

ஜெனீவாவில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயர்கள் 1560-இல் ஒரு ஆங்கில வேதாகமத்தை வெளியிட்டார்கள். ஜெனீவா பைபிள் என்றே அதற்குப் பெயர். அதன் பின்னிணைப்பில் வேதாகமத்தில் வரும் பெயர்களுக்கு அர்த்தம் சொல்லும் ஒரு அட்டவணை இருந்தது. குழந்தைப் பெயர்ப் புத்தகங்களுக்கு ஒரு கொள்ளுத்தாத்தா என்று இதைச் சொல்லலாம்.

இங்கிலாந்தின் பியூரிட்டன்களில் சிலர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பெயரின் அர்த்தம்தானே முக்கியம், அப்படியானால் அர்த்தத்தையே நேராக ஆங்கிலத்தில் வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தார்கள்! 1620-இல் மேஃப்ளவர் கப்பலில் அமெரிக்கா போனவர்களில் வில்லியம் புரூஸ்டர் முக்கியமானவர். அவருடைய பிள்ளைகளில் சிலரின் பெயர்கள்: பொறுமை, பயபக்தி, அன்பு, மல்லுக்கட்டு. கடைசியாகச் சொன்னது ஒரு பையனின் பெயர், ஆங்கிலத்தில் 'ரெஸ்லிங்'. லண்டனில் தோல் வியாபாரம் செய்த ஒருவரின் பெயர் 'கடவுளைத் துதி' பேர்போன். அவர் உறுப்பினராக இருந்த 1653-ஆம் ஆண்டுப் பாராளுமன்றத்தை எதிரிகள் 'பேர்போன் பாராளுமன்றம்' என்றே கிண்டல் செய்தார்கள். இன்றுவரை சரித்திரப் புத்தகங்களில் அந்தப் பெயர்தான் இருக்கிறது. பக்தியோடு வைத்த பெயர் பரிகாசத்துக்குப் பயன்பட்டது.

வடக்கன்குளத்தில் ஒரு ஞானஸ்நானம்

கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றது. 1566-இல் ரோமில் வெளியான மறைக்கல்வி நூல், ஞானஸ்நானத்தில் புனிதர் ஒருவரின் பெயரையே வைக்க வேண்டும் என்று சொன்னது. அந்தப் புனிதரைப் பார்த்து நடந்துகொள்ளவும், அவருடைய துணையைக் கேட்கவும் பெயர் உதவும் என்பது காரணம். இந்த வழக்கம் கத்தோலிக்கப் பாதிரியார்களோடு உலகமெல்லாம் போனது, நம் பக்கத்துக்கும் வந்தது.

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் வேலை பார்த்த நீலகண்ட பிள்ளை, டச்சுப் படைத் தளபதியாக இருந்து சிறைப்பட்ட டிலனாய் மூலம் கிறிஸ்தவத்தை அறிந்தார். 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்கு வைத்த பெயர் லாசரஸ். ஆனால் அது அப்படியே வைக்கப்படவில்லை. எபிரேய மொழியில் அந்தப் பெயரின் பொருள் 'கடவுள் உதவி செய்தார்'. அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்று வைத்தார்கள். அவர் மனைவி பார்கவி, ஞானப்பூ ஆனார்.

ஞானஸ்நானம் கொடுத்த இயேசு சபைப் பாதிரியாரின் பெயர் ஜியோவான்னி பாத்திஸ்தா புத்தாரி. பாத்திஸ்தா! ஜெனீவாவாக இருந்திருந்தால் அவர் பெயரே தடைப் பட்டியலில் இருந்திருக்கும்.

நீலகண்டன் என்பதும் சாமி பெயர்தான், தேவசகாயம் என்பதும் சாமி பெயர்தான். ஒன்றை விட்டு இன்னொன்றை எடுத்தவர் வளர்ந்த மனிதர், தானே முடிவெடுத்தார். அதற்கான விலையையும் அவரே கொடுத்தார். 1752-இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று போப் பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இன்றைக்குக் குமரி மாவட்டத்தில் ஒரு பையனுக்குத் தேவசகாயம் என்று பெயர் வைத்தால், அது லாசரஸின் மொழிபெயர்ப்பு என்று யாரும் யோசிப்பதில்லை. அந்த ஊர்ப் புனிதரின் பெயர் அது.

அரசாங்கம் பட்டியல் போட்டால்

ஜெனீவாவில் பட்டியல் போட்டவர்களுக்குக் குறைந்தது ஒரு கொள்கை இருந்தது. குழந்தையின் ஆத்துமா நல்லபடி இருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நம்பினார்கள். பிற்காலத்தில் அரசாங்கங்கள் பட்டியல் போட ஆரம்பித்தன.

பிரெஞ்சுப் புரட்சியின்போது பிள்ளைகளுக்குச் 'சுதந்திரம்' என்றும் 'புரூட்டஸ்' என்றும் பெயர் வைத்தவர்கள் உண்டு. இந்தக் குழப்பம் போதும் என்று 1803-இல் பிரான்ஸ் ஒரு சட்டம் போட்டது. நாட்காட்டியில் உள்ள பெயர்களையும் பழைய சரித்திரத்தில் வரும் பெயர்களையும் மட்டுமே வைக்கலாம். நாட்காட்டி என்றால் தினம் ஒரு புனிதர் பெயர் போட்ட நாட்காட்டி. பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள் என்றாலும், பெற்றோர் தாங்கள் விரும்பிய பெயரை வைக்கலாம் என்ற பொதுவான உரிமை 1993-இல்தான் வந்தது.

எல்லாவற்றிலும் கொடுமையானது ஜெர்மனியில் நடந்தது. 1938 ஆகஸ்ட் 17 அன்று நாஜி அரசு ஓர் ஆணை போட்டது. அரசு ஏற்றுக்கொண்ட யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத பெயரை வைத்திருக்கும் யூதர்கள், 1939 ஜனவரி 1 முதல் கூடுதலாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆண் என்றால் இஸ்ரேல், பெண் என்றால் சாரா. கையெழுத்திலும் ஆவணங்களிலும் அந்தப் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

சாரா என்பது ஆபிரகாமின் மனைவி பெயர். எத்தனையோ அம்மாக்கள் பிரியத்தோடு தேர்ந்தெடுத்த பெயர். இஸ்ரேல் என்பது யாக்கோபுக்குக் கடவுளே வைத்ததாக வேதாகமம் சொல்லும் பெயர். அந்த எழுத்துகளில் ஒரு மாற்றமும் இல்லை. ஆனால் அம்மா வைத்தபோது ஆசீர்வாதமாக இருந்தது, அரசாங்கம் வைத்தபோது மாட்டுக்குப் போடும் சூடு ஆகிவிட்டது.

யார் வைக்க வேண்டும்?

மதப் பெயர் நல்லதா கெட்டதா என்று கேட்டால் இந்தக் கதைகளிலிருந்து ஒரு பதில் வராது. க்ளோத் நல்ல பெயர்தான். ஆபிரகாமும் நல்ல பெயர்தான். ஜெனீவாவில் காயம் பட்டது பெயரால் இல்லை, பெயர் வைத்த விதத்தால். ஒரே ஆபிரகாமை அந்த அப்பாவே தேர்ந்தெடுத்திருந்தால் ஊரில் ஒரு சத்தமும் வந்திருக்காது.

பலமான மதப் பெயரை வைக்கும் பெற்றோர், தங்கள் நம்பிக்கையைப் பிள்ளையின் பெயரில் எழுதி வைக்கிறார்கள். அதில் தப்பில்லை. ஒரு குழந்தைக்குக் கொடுக்க அதைவிடப் பெரியது தங்களிடம் எதுவும் இல்லை என்று அவர்கள் நினைக்கலாம். ஆனால் அந்தப் பெயரோடு பள்ளிக்கூடத்துக்குப் போவதும், வேலைக்கு விண்ணப்பிப்பதும், வாடகைக்கு வீடு தேடுவதும், முன்பின் தெரியாதவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு ஒரு விநாடி யோசிப்பதைப் பார்ப்பதும் அந்தப் பிள்ளைதான். துக்கேன் எத்தனை கப்பல்களை மூழ்கடித்தும், மன்னருக்கு அவர் மதம்தான் பெரிதாகத் தெரிந்தது. அதை அவர் பெயரே முதலில் சொல்லிவிட்டது.

15 வயதுவரை காத்திருக்கட்டும், அவனே தேர்ந்தெடுக்கட்டும் என்று ஷப்புயி கத்தினாரே, அதை யாராலும் நடைமுறையில் செய்ய முடியாது. அதுவரை பிள்ளையை என்னவென்று கூப்பிடுவது? ஆனாலும் அந்தத் தேவாலயத்தில் அன்று நின்றவர்களில், பெயர் யாருக்குச் சொந்தம் என்பதைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். போதகர் திருச்சபையை நினைத்தார். ஞானப்பெற்றோர் தங்கள் குடும்ப மரியாதையை நினைத்தார்கள். நாவிதர் மட்டும், கோபத்திலாவது, வளரப்போகிற பையனை நினைத்தார்.

பெயரை அப்பா அம்மா வைக்கலாம், தாத்தா பாட்டி சொல்லலாம், சாமியிடம் கேட்கலாம். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கப் போவது குழந்தை. அது வளர்ந்த பிறகு 'இதை ஏன் எனக்கு வைத்தீர்கள்?' என்று கேட்டால், உட்கார வைத்துச் சொல்ல வீட்டில் ஒரு நல்ல கதை இருக்க வேண்டும். கேட்டுவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று அது சொன்னால், அதையும் தாங்கிக்கொள்கிற மனசு இருக்க வேண்டும்.